தூக்க முடியாதவர்கள் கையைத் தூக்கவும்

மனிதர்களுக்குத் தோள் என்று ஒரு பாகம் இருக்கும் விஷயம் மேலிடத்தின் மேலான கவனத்துக்கு வந்ததும், மேலிடம் உடனடியாக ஆவன செய்தது. அதாவது, ஒரு பிரிவைத் திறந்தது.

தோள் நலப் பிரிவு என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணி துவைத்துக் கொடுக்கிற எங்கள் சலவைக்கூடத்தின் மாடியில் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். அதுவரை அந்த அறையில் கிழிந்த கம்பளிகளைப் போட்டு வைத்திருந்தோம். கம்பளிகளை வெளியே தள்ளிவிட்டு, ஒரு இயக்குநரையும் ஒரு குமாஸ்தாவையும் உள்ளே வைத்தார்கள். பிரிவின் கதவு நல்ல கனம். தோளைக் கொடுத்து முட்டித் தள்ளினால்தான் திறக்கும்.

நான் கொடியில் வேலை செய்கிறவள். மெஷின் பிழிந்து போடுகிற படுக்கை விரிப்புகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, உலர்த்தும் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டியிருக்கும் கயிற்றில் விரித்துப் போட வேண்டும். ஈர விரிப்பு என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கொடியோ நான் கையை முழுசாக நீட்டி, குதிகாலையும் உயர்த்தி எக்கினால்தான் எட்டும்.

அந்த உயரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. கூடத்தைத் திறந்து வைக்க வந்த பெரிய அதிகாரி நல்ல நெட்டை மனிதராம். "கொடி எங்கே கட்டலாங்க ஐயா?" என்று பணிவாகக் கேட்டிருக்கிறார்கள். அவர் கையை உயர்த்தி, "இங்கே" என்றாராம். அவருடைய விரல் நுனி எங்கே இருந்ததோ அங்கே சுவரில் கொக்கி அடித்தார்கள். அவர் அதற்குப் பிறகு ஒரு கைக்குட்டையைக்கூட உலர்த்த அங்கே வரவில்லை. விரல் போய்விட்டது, கொக்கி இருக்கிறது.

என் மகள் பால்குடி மறந்த சமயத்தில் எனக்கு மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. முதலில் விரல். பிறகு மணிக்கட்டு. அப்புறம் இரண்டு தோளும். காலையில் எழுந்தால் கஞ்சி போட்டுக் காய வைத்த துணி மாதிரி விறைத்துக் கிடப்பேன். புரண்டு படுக்கவே யாராவது ஒரு முனையைப் பிடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா அழுத்திப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, முடக்குவாதம் என்றார்.

"உடம்பைக் காவல் காக்கிற படை இருக்குல்ல, அது ஆள் அடையாளம் தெரியாம உங்க மூட்டுகளையே போட்டு அடிக்குதும்மா."

காப்பாற்ற வைத்த ஆளே அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. எனக்கு வாய் திறக்கவே கூச்சம். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் கை தூக்காத ஜாதி நான்.

"மாத்திரையை விடாம சாப்பிடணும். அது வேலை செய்யக் கொஞ்ச மாசம் ஆகும், நடுவுல நிறுத்திடாதீங்க. காலையில இறுக்கமா இருந்தா வெந்நீர்ல நனைச்ச துணியைத் தோள்ல போடுங்க. வீங்கிச் சூடா இருக்கிற நாள்ல ஐஸ் வெச்சு ஓய்வு எடுங்க. மத்த நாள்ல கையைக் கட்டிப் போட்டுடாதீங்க. வலி தாங்கற அளவுக்கு மெதுவா ஆட்டிக்கிட்டே இருக்கணும். இல்லைன்னா தோள் பூட்டிக்கும். ஆனா தலைக்கு மேல கனம் தூக்கக்கூடாது."

"கொடி..." என்றேன்.

"கொடியைக் கீழ இறக்கிக் கட்டச் சொல்லுங்க. அவ்வளவுதானே?"

டாக்டரம்மாவுக்கு வியாதிகளைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. அலுவலகங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் என் மகளுக்கு அப்போது சில வார்த்தைகள்தான் தெரியும். அதில் முதல் வார்த்தை "தூக்கு". இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு என் காலைக் கட்டி நிற்பாள். நான் குனிந்து அவள் கன்னத்தைத் தடவிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கொஞ்ச நாளில் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். வேன் ஓட்டிவிட்டு அவள் அப்பா வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்து, அவரிடம் கை நீட்டுவாள். எங்கே கேட்டால் நடக்காது என்பது பிள்ளைக்கு அவ்வளவு சீக்கிரம் புரிந்துவிட்டது. பெரியவர்களுக்குத்தான் நாளாகிறது.

கூடத்தில் என் கையிலிருந்து விரிப்புகள் நழுவி விழ ஆரம்பித்தன. தரையில் விழுந்தால் மறுபடி துவைக்க வேண்டும். மேஸ்திரி வந்து நின்றார்.

"இன்னொரு விரிப்பு கீழ விழுந்துச்சுன்னா நீ வீட்டோட இருந்துக்கம்மா. எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

எனக்கு வேண்டியது இரண்டில் ஒன்று. கொடி கீழே வர வேண்டும், அல்லது நான் மடிப்பு மேசைக்குப் போக வேண்டும். மடிப்பு மேசையில் உட்கார்ந்து வேலை. கை நெஞ்சுக்கு மேல் போகவே வேண்டாம்.

பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இதுக்கு என்ன இவ்வளவு பேச்சு? ஒரு ஸ்டூலைக் கொண்டா. நான் ஏறி அவுத்துக் கீழ கட்டறேன்."

மேஸ்திரி பதறிப் போனார். "அக்கா! கொக்கியைத் தொட்டுடாதீங்க. அது மேலிடத்து உயரம்!"

"அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தே எத்தனையோ வருஷம் ஆச்சே?"

"அதான் சிக்கல். உயிரோட இருந்தாலாவது மாத்திச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். இப்ப யாரைக் கேட்கறது? மாடிக்குப் போய்ப் பாருங்க. தோளுக்குன்னே ஆள் போட்டிருக்காங்க."

மாடிக்குப் போனோம். கதவை என்னால் தள்ள முடியவில்லை. அக்கா இடித்துத் திறந்தார். குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்:

"கதவைத் திறந்தது யாரு?"

"நான்தான்" என்றார் அக்கா.

"அப்ப உங்க தோள் நல்லா இருக்கு. போகலாம்."

"எனக்கு இல்ல சார். இவளுக்குத்தான் வலி."

"அவங்க திறக்கலையே? திறக்காதவங்க உள்ள வந்ததா எப்படி எடுத்துக்க முடியும்?"

நான் உள்ளே நின்றுகொண்டே இன்னும் வராதவளாக இருந்தேன். நல்லவேளை, உள் அறையிலிருந்து இயக்குநர் வந்தார். கழுத்து, முதுகு எல்லாம் ஒரே கோட்டில் இருந்தது. சட்டைக்குள்ளே ஹேங்கரைக் கழற்ற மறந்தவர் மாதிரி நின்றார்.

"என்ன வயசு?"

சொன்னேன்.

"இது வயசானவங்களுக்கு வர்றதாச்சே. உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

வரிசையில் முந்திக்கொண்டு போய் வாங்கிவிட்டேன் என்கிற மாதிரி பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்த வயசிலயும் வருமாம் சார், டாக்டரம்மா சொன்னாங்க" என்றார் அக்கா.

"பார்க்க நல்லாத்தானே இருக்காங்க?"

"வலி உள்ள இருக்கு சார்."

"எப்ப வலிக்குது?"

"காலையில எழுந்ததும் ரொம்ப..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் தேவலைங்க."

இயக்குநர் வருத்தத்தோடு தலையசைத்தார். "பிரிவு பதினோரு மணிக்குத்தான் திறக்கும். அதுக்கு முன்னாடி வர்ற வலிக்கு நாங்க பொறுப்பேற்க இயலாது. அலுவலக நேரத்துல வலிக்கட்டும், அவசியம் பரிசீலிக்கறோம்."

"வலிகிட்ட சொல்லிப் பார்க்கறோம் சார்" என்றார் அக்கா.

"சொல்லுங்க" என்றார் குமாஸ்தா. விளையாட்டாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார்.

ஆனாலும் பிரிவு சும்மா இருந்துவிடவில்லை. தோள் வலி உள்ளோரைக் கண்டறிந்து இலகு பணி வழங்குவது என்று முடிவாகி, உலர்த்தும் கூடத்திலேயே கூட்டம் போட்டார்கள். இலகு பணி என்றால் மடிப்பு மேசை. மடிப்பு மேசை என்றால் நாற்காலி. நாற்காலிக்கு நேர் மேலே காற்றாடி. இந்த விவரம் கூட்டத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இயக்குநர் ஒரு மேசைமேல் ஏறி நின்றார்.

"பணியாளர் பெருமக்களே! தோள் வலியின் காரணமாகக் கையைத் தூக்க முடியாதவர்கள், தயவுசெய்து கையைத் தூக்கவும்."

சொல்லி முடிப்பதற்குள் கூடம் முழுக்கக் கைகள். ஈர மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி மெஷினில் போடுகிற மெஷின்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். "எனக்கு ரெண்டு தோளும் சார்!" கூடை தள்ளுகிறவர்கள், மடிப்பவர்கள், மேஸ்திரி, எல்லாரும் தூக்கினார்கள். பின்னால் நின்றவர்கள் தெரியாமல் போய்விடக்கூடாதே என்று எம்பி எம்பித் தூக்கினார்கள்.

அக்கா என் காதில், "தூக்குடி!" என்றார்.

"முடியலக்கா."

"அதான் சொல்றேன். முடியலைன்னா தூக்குடி!"

முயற்சி பண்ணினேன். முழங்கை இடுப்பைவிட்டு நகர்வதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா பொறுக்காமல் என் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கப் பார்த்தார். நான் ஐயோ என்றேன். குமாஸ்தா ஓடி வந்தார்.

"அடுத்தவங்க உதவி செய்யக்கூடாது! அவங்கவங்க இயலாமையை அவங்கவங்கதான் காட்டணும்."

அன்றைக்கே முடிவு அறிவித்தார்கள். கையைத் தூக்கியவர்கள் எல்லாரும் கையைத் தூக்க முடியாதவர்கள். தூக்காதவர்கள் பூரண நலம். பூரண நலமானவர்கள் மொத்தக் கூடத்திலும் இரண்டு பேர்தான். ஒருவர் இஸ்திரி அக்கா; அவருக்கு நிஜமாகவே தோள் நன்றாக இருந்ததால் தூக்கவில்லை. இன்னொருத்தி நான்.

அக்கா விடவில்லை. "சார், முடிஞ்சவங்க எல்லாம் தூக்கிட்டாங்க. முடியாதவ தூக்கலை. உங்களுக்கே விளங்கலையா?"

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "அம்மா, முடியலைன்னு காட்டவே முடியாத அளவுக்கு ஒருத்தருக்கு முடியாமப் போச்சுன்னா, அது எங்க பிரிவோட வரம்புக்கு அப்பாற்பட்டது."

மறுநாளிலிருந்து மடிப்பு மேசையைச் சுற்றி மொத்தக் கூடமும் உட்கார்ந்திருந்தது. நாற்காலி போதாமல் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். கொடியில் நானும் அக்காவும் மட்டும். அக்கா எனக்கும் சேர்த்து எக்கி எக்கிப் போட்டார். நான் கூடையிலிருந்து எடுத்து அவர் இடுப்புவரை தூக்கிக் கொடுத்தேன். அங்கிருந்து அவர் பாடு.

இதற்கு நடுவே இயக்குநர் எங்கோ பயிற்சிக்குப் போய்வந்தார். வரும்போது வலது கையை மடக்கி, கழுத்திலிருந்து தொங்கும் நீலப் பட்டை ஒன்றில் போட்டிருந்தார்.

"ஐயா, என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?" என்று மேஸ்திரி பதறினார்.

"எனக்கு ஒண்ணுமில்லை. இது தோழமை. தோள் வலி உள்ளவங்களோட வேதனையை நானும் பகிர்ந்துக்கறேன்."

மறுநாள் குமாஸ்தாவும் பகிர்ந்துகொண்டார். அதற்கடுத்த நாள் மேஸ்திரி. மடிப்பு மேசையில் எல்லாரும் பட்டை கட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் விரிப்பு மடித்தார்கள். அது மடித்த மாதிரி இருக்காது, பூனை படுத்து எழுந்த மாதிரி இருக்கும். மாடியில் எந்த வேலைக்குப் போனாலும் குமாஸ்தா கையைக் காட்டுவார்.

"கையெழுத்துப் போட வேண்டிய கை தோழமையில இருக்கும்மா. அப்புறம் வாங்க."

பட்டை ஊருக்குள்ளும் இறங்கியது. முதலில் நீலம் மட்டும்தான். பிறகு பூப்போட்டது, ஜரிகை வைத்தது, செருப்புக்குப் பொருத்தமான நிறத்தில் என்று கடைகளில் தொங்க ஆரம்பித்தது. "தோளைப் பார்த்தா ஆளைத் தெரியும்" என்று ஒரு கடைக்காரர் பலகை எழுதி வைத்தார். வெறும் கையோடு தெருவில் போனால், பாவம், மனசாட்சி இல்லாதவள் என்கிற மாதிரி பார்த்தார்கள்.

ஒருநாள் பஸ்ஸில் எப்படியோ எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் ஜரிகைப் பட்டையோடு ஒரு அம்மா ஏறினார். இன்னொரு கையில் பெரிய பை.

"ஏம்மா, எழுந்திரு. தோள்காரங்க நிக்கறாங்கல்ல?" என்றார் நடத்துநர்.

எனக்கும் தோள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எழுந்துவிட்டேன். எழுந்து நின்றால் பிடித்துக்கொள்ள மேலே கம்பி. அதுவும் யாரோ ஒரு நெட்டை மனிதர் கை காட்டிய உயரம்தான் போலிருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் நான் அந்த அம்மாவின் பைமேல் சாய்ந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வலி உள்ள உடம்பு" என்றார் அவர்.

அன்று வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏங்க, நானும் ஒண்ணு கட்டிக்கட்டுமா?"

அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"கட்டிப் போடாதேன்னு."

"அப்புறம் என்ன?"

"கட்டினாத்தான் வலி இருக்குன்னு நம்பறாங்க."

"மத்தவங்க நம்பறதுக்காகவா தோள் வெச்சிருக்க? இந்தா, துணியைப் போடறேன், சூடு போதுமா சொல்லு."

அவர் பேச்சில் அவ்வளவு சாமர்த்தியம் இல்லாதவர். ஆனால் காரியக்காரர். அந்த வாரமே எங்கள் சமையலறைப் பலகைகளை எல்லாம் கழற்றி, இடுப்பு உயரத்துக்கு இறக்கி அடித்துவிட்டார். தட்டு, டம்ளர், உப்பு, மாவு டப்பா, எல்லாம் கைக்கு வந்தன. என் மகளுக்கும் கைக்கு வந்தன. மாவு டப்பாவைக் கவிழ்த்து உள்ளே உட்கார்ந்திருந்தாள். வீடு என்கிற அலுவலகத்தில் ஒரு ஸ்குரூ டிரைவரோடு காரியம் முடிந்துபோகிறது.

இப்படி இருக்கும்போது, சிறந்த தோளுக்கான விருது எனக்கு அறிவிக்கப்பட்டது.

நான் ஒன்றும் செய்யவில்லை. மொத்தக் கூடமும் இலகு பணிக்குப் போனபிறகும் துணி காய்ந்துகொண்டே இருந்ததால், பூரண நலமான அந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கொடுப்பது என்று பிரிவு தீர்மானித்தது. இஸ்திரி அக்காவுக்குக் கொடுக்கலாம் என்றால் அவருக்கு வயது அதிகம். எடுத்துக்காட்டாக விளங்க மாட்டார். ஆகவே நான்.

மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெரிய கோப்பை ஒன்றை என் கையில் கொடுத்தார். நெஞ்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

"தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க!" என்றார் போட்டோக்காரர். "சிரிச்சுக்கிட்டே!"

சிரிக்க மட்டும் முடிந்தது. கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒட்டி நின்று, என் தோளுக்கு மேலே இரண்டு கையையும் நீட்டிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார். நான் என் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பளிச். அந்தப் படம் இன்றும் மாடியில் தொங்குகிறது. பார்க்கிறவர்கள், முகத்துக்கு வயது குறைவாகவும் கைக்கு வயது கூடுதலாகவும் தெரிகிறதே என்பார்கள். உழைப்பு அப்படி என்பார் குமாஸ்தா.

அதிகாரி அன்போடு கேட்டார். "சொல்லுங்கம்மா. இந்த வலுவான தோளுக்குக் காரணம் என்ன?"

இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று தெரிந்தது. என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"கொடி... ரொம்ப உயரமா இருக்குங்க."

அதிகாரி கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா? கொடி உயரம்! அதான் காரணம்! எவ்வளவு எளிமையா சொல்லிட்டாங்க!"

கைதட்டினார்கள். ஒரு கை பட்டையில் இருந்ததால் எல்லாரும் தொடையில் தட்டினார்கள். அந்த வாரமே கொக்கிகளைப் பிடுங்கி, இன்னும் ஒரு முழம் மேலே அடித்துவிட்டார்கள்.

இப்போது அக்காவுக்கும் எட்டவில்லை. ஸ்டூலில் ஏறி நின்று கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக்கக்கூடாது" என்றார் தனக்குத் தானே. "மாத்திக் கட்டக்கூடாது. கொக்கியைத் தொடக்கூடாது. சரி." பிறகு என்னைப் பார்த்தார். "தொங்கக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லைக்கா."

"மாடியிலேருந்து தள்ளிவிட்டாங்களே கிழிஞ்ச கம்பளி, அது எங்க கிடக்கு?"

பின்கட்டில்தான் கிடந்தது. வேலை முடிகிற நேரத்தில் அந்தக் கம்பளிகளைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, பிழியாமல், அப்பாவைக் கூட்டிப் போக வரும் மெஷின்காரர் மகனை மிரட்டி ஸ்டூலில் ஏற்றித் தூக்கச் சொல்லி, கொடியின் நடுவில் போட்டுவிட்டுப் போவோம். கயிறு முனகும். கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் தளர்ந்து, தொய்ந்து, வயிறு தள்ளி, கடைசியில் என் நெஞ்சு உயரத்துக்கு இறங்கியது. குமாஸ்தா அளந்து பார்க்க வந்தார். இந்தப் பக்கத்துக் கொக்கியை அளந்தார், அந்தப் பக்கத்துக் கொக்கியை அளந்தார். இரண்டும் ஆணையிட்ட உயரத்தில் இருந்தன. திருப்தியோடு போய்விட்டார். நடுவில் போகும்போது தொய்ந்த கயிறு நெஞ்சில் இடித்தது; குனிந்து நுழைந்து போனார்.

நான் அந்தத் தொய்வில் நின்று வேலை செய்தேன். காலையில் வெந்நீர்த் துணி. வீங்கின நாளில் ஐஸ். மாத்திரை தவறவே இல்லை. ஒருநாள் தலை வாரிக்கொள்ளும்போது கை காதுவரை போயிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். யாருடைய கையோ என்று நினைத்துவிட்டேன்.

அதே சமயம் மடிப்பு மேசையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. மெஷின்காரர் ஒருநாள் பட்டையைக் கழற்றிப் பார்த்தார். கை இறங்கவும் மாட்டேன் என்றது, ஏறவும் மாட்டேன் என்றது.

"என்னடா இது, கழட்டினா வலிக்குது!"

"அப்ப கழட்டாதே" என்றார் மேஸ்திரி. அவர் தன்னுடையதை எப்போதோ கழற்றிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் மறுபடி மாட்டிக்கொண்டவர்.

டாக்டரம்மா சொன்ன அந்தப் பூட்டு ஒவ்வொருவராகப் பூட்டிக்கொண்டு வந்தது. ஆனால் யாரும் வெளியே சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தோள் வலி என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே.

மறுபடி கூட்டம் வந்தது. தோள் நலப் பிரிவால் விளைந்த முன்னேற்றத்தை மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம். இயக்குநரை இரண்டு பேர் பிடித்து மேசைமேல் ஏற்றினார்கள். பட்டை கொஞ்சம் அழுக்காகியிருந்தது. அவர் முகமும் வாடித்தான் இருந்தது. ஆனால் குரல் பழைய குரல்.

"தோள் வலியின் காரணமாகக் கையைத் தூக்க முடியாதவர்கள், தயவுசெய்து கையைத் தூக்கவும்!"

ஒரு கைகூட உயரவில்லை.

நான் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் தூக்கத்தான் பார்த்தார்கள். மெஷின்காரர் பல்லைக் கடித்தார், நெற்றி வேர்த்தது, தோள் மட்டும் கொஞ்சம் துடித்தது. மேஸ்திரி ஒரு பக்கமாகச் சாய்ந்து உடம்பையே தூக்கப் பார்த்தார். போன தடவை எம்பி எம்பித் தூக்கினவர்கள் இந்தத் தடவை எம்பினார்கள், அவ்வளவுதான்.

"யாருமே இல்லைங்க ஐயா!" என்று குமாஸ்தா கத்தினார். "ஒருத்தர்கூட இல்லை!"

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. "தோள் வலி இந்தக் கூடத்தைவிட்டே ஒழிந்தது" என்றார். கண்ணீரைத் துடைக்கக் கையை எடுத்தார். கை வரவில்லை. குனிந்து பட்டையில் துடைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேரும் வலியோடு நிற்கிறார்களே, இவர்களை எல்லாம் கொண்டுபோய்க் கொடியில் விட்டுவிடுவார்களே என்று தோன்றியது. எனக்குத் தெரியாத வலியா அது? ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு அனுமதி கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் செய்யாததை அன்றைக்குச் செய்தேன். கையைத் தூக்கினேன். மெதுவாக, காதைத் தாண்டி, நேராக.

"சார், ஒரு நிமிஷம்..."

"அதோ!" என்றார் குமாஸ்தா. "ஒருத்தங்க இருக்காங்க ஐயா!"

"இல்லைங்க, நான் பேசத்தான்..."

"பேச வேண்டாம்மா" என்றார் இயக்குநர் கனிவாக. "உங்க கையே பேசிடுச்சு. இவ்வளவு நாள் வெளிய காட்டாம தாங்கிக்கிட்டு விருதுகூட வாங்கியிருக்கீங்க. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது."

"எனக்கு இல்லைங்க, இவங்களுக்கு எல்லாம்தான்..."

"இந்த நிலைமையிலயும் மத்தவங்களைப் பத்தி நினைக்கறாங்க பாருங்க!"

தொடையில் தட்டினார்கள். அன்றைக்கே உத்தரவு வந்தது. கூடத்தில் கையைத் தூக்க முடியாதவள் நான் ஒருத்திதான். எனக்கு மடிப்பு மேசை. மற்ற எல்லாரும் பூரண நலம். கொடிக்குப் போக வேண்டியது.

இந்த வெற்றிக்காக இயக்குநருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எதிர்க் கட்டடத்தில் முழங்கால் நலப் பிரிவு திறந்திருக்கிறார். மேல் மாடியில். லிஃப்ட் இல்லை. படி ஏறி வருகிறவர்களை எல்லாம், உங்கள் முழங்கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறாராம்.

நான் இப்போது பெரிய மடிப்பு மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். தலைக்கு மேலே காற்றாடி. எதிரே கொடியில் மொத்தக் கூடமும் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அக்கா அவர்களுக்காக இன்னும் இரண்டு ஈரக் கம்பளி கூடுதலாகப் போட்டு, கயிற்றை முழங்கால்வரை தொய்ய விட்டிருக்கிறார். வெந்நீர்த் துணி பற்றியும், டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்கும்படியும் நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மெஷின்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல கையை வெச்சுக்கிட்டு ஏமாத்தி உட்கார்ந்திருக்கா. இவ நமக்கு வைத்தியம் சொல்றா!"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. என் கை நல்ல கைதான்.

அன்று வீட்டுக்கு வந்தபோது என் மகள் வாசலில் அவள் அப்பாவுக்காக உட்கார்ந்திருந்தாள். நான் அவளை உள்ளே கூட்டிப் போய், சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதில் ஏறச் சொன்னேன். ஏறினாள். நெஞ்சோடு சேர்த்து அணைத்து, இரண்டு கையையும் அவளுக்குக் கீழே கோத்து, ஸ்டூலிலிருந்து தூக்கினேன். கனமாகிவிட்டிருந்தாள். நான் தூக்காத காலத்தில் வளர்ந்த கனம். என் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். இறக்கிவிட்டதும் ஸ்டூல்மேல் நின்றபடி இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள்.

"தூக்கு."

அப்போதுதான் வேனை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வந்தார். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"ஏங்க, நின்னுக்கிட்டு இருக்கீங்களே" என்றேன். "முதல்ல சன்னலைச் சாத்துங்க. கூடத்து ஆளுங்க யாராவது பார்த்துடப் போறாங்க."